காத்து விறகு

நம் பழைய மாணவியர் சங்கத்தின் மலருக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லிச் செயலாளர் விடாமல் தொலைபேசியில் கேட்டுக்கொண்டே இருந்தார். பள்ளிக்கூட மணி, விளையாட்டுப் போட்டி, தலைமை ஆசிரியையின் கண்ணாடி என்று ஏதாவது இனிப்பாக எழுதுவேன் என எதிர்பார்த்திருப்பார். மன்னிக்க வேண்டும் தோழியரே, நான் எழுதப்போவது விறகைப் பற்றி. அதற்குக் காரணமும் அவர்தான்.

போன ஒன்றுகூடலில் வாவிக் கரை ஹோட்டலில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். செயலாளர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவரையும் எழுப்பி நிறுத்தி அறிமுகப்படுத்தினார். என் முறை வந்தது. "இவ பன்வில பக்கம் தோட்டத்திலயிருந்து வந்தவ. மாமி ஒராள் டவுனுக்கு வந்து சேர்ந்ததால இவவுக்கு எங்கட ஸ்கூல் கிடைச்சது. இவவுக்கு அது ஒரு வின்ட்ஃபோல்தானே!" என்றார். நீங்கள் எல்லோரும் கைதட்டினீர்கள். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

அதிர்ஷ்டம் என்று சொல்லியிருந்தால் விட்டுத் தொலைத்திருப்பேன். நல்ல காலம் என்று சொல்லியிருந்தால் தலையாட்டியிருப்பேன். ஆனால் வின்ட்ஃபோல் என்ற அந்த ஒரு சொல்லை என்னைப் பார்த்துச் சொல்லக் கூடாது. அந்தச் சொல்லை நான் நம் ஆங்கில வகுப்பில் கற்றவளில்லை. தோட்டத்து ஆபீஸ் வாசலில், ஈரக் காலோடு நின்று கேட்டவள். அப்போது எனக்கு ஆங்கிலத்தில் என் பெயரைக்கூட எழுதத் தெரியாது.

அது ஆடிக் காற்றுக் காலம். எங்கள் மலையில் அந்தக் காற்று வந்தால் பேசுவது காதில் விழாது. லயம் என்கிற எங்கள் வரிசை வீடுகளின் தகரங்கள் பறந்துவிடாமல் இருக்கக் கூரை மேல் கருங்கல்லும் பழைய டயரும் ஏற்றி வைத்திருப்போம். அப்படியும் இரவெல்லாம் தகரம் அடித்துக்கொண்டே இருக்கும். அம்மா கொழும்பில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போயிருந்த வருஷம் அது. எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் அப்பா, அப்பாவின் தங்கையான என் அத்தை (செயலாளர் மாமி என்றது இவளைத்தான்), நான், மூன்று பேர்தான். அத்தை தேயிலைக் கொழுந்து பறித்தாள். அன்றாடக் கூலி வாங்குகிற கைக்காசு ஆளாகப் பல காலம் இழுபட்டு, அந்த வருஷம்தான் அவளுக்கு நிரந்தரமாகப் பேர் பதிந்திருந்தார்கள். பேர் பதிந்த அன்றைக்கு அவள் ஒரு புதுப் படங்கு வாங்கினாள். செடி கிழிக்காமல் இருக்க இடுப்பில் சுற்றிக் கட்டுகிற அந்தத் தடித்த சாக்குத் துணியில் இன்னும் கடை வாசம் போகவில்லை. முகத்தை வைத்துத் தேய்த்தால் கன்னம் எரியும். எனக்கு அது பிடிக்கும்.

காற்றுக் காலத்தில் எங்களுக்கு ஒரு வரும்படி இருந்தது. தேயிலைக்கு நிழல் கொடுக்க நட்ட மரங்கள் தோட்டத்துச் சொத்து. அதில் கத்தி வைத்தால் குற்றம். ஆனால் காற்று முறித்துப் போட்ட கிளையை லயத்துச் சனம் எடுத்துக்கொள்ளலாம். யார் எப்போது தந்த உரிமையோ தெரியாது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலிருந்தே அப்படித்தான் என்று சொல்வார்கள். அதற்குக் காத்து விறகு என்று பெயர். வழியில் யாராவது மறித்தால் முனையைத் திருப்பிக் காட்ட வேண்டும். முனை பிய்ந்து சிராய் சிராயாக நின்றால் காத்து விறகு, போகலாம். முனை வெட்டுப்பட்டிருந்தால் களவு. சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சட்டம் இது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தையும் நானும் மேல்மலைக்குப் போனோம். முதல் நாள் காற்றில் ஒரு பெரிய மரத்தின் கிளை அடியோடு பிய்ந்து தேயிலைக்கு மேலே கிடந்தது. மரத்தில் மிச்சம் நின்ற மொட்டை வெள்ளையாக, நார் நாராகத் தொங்கியது. பச்சை மரம் பிய்ந்த இடத்தில் ஒரு வாசம் வரும், வெட்டிய வெள்ளரிக்காய் மாதிரி. அத்தை சில்லறைக் கொம்புகளை முறித்தாள், தலையில் சும்மாடு வைத்தாள், முன்பக்கம் அவள், பின்பக்கம் நான். மலைப் பாதையில் இறங்கும்போது பின்னால் வருகிறவருக்குத்தான் தொல்லை. பிய்ந்த முனை என் பக்கம். அவள் ஒவ்வோர் அடி வைக்கும்போதும் அந்தச் சிராய் என் கழுத்தில் குத்தியது. நான் சொல்லவில்லை. சொன்னால் அடுத்த தடவை கூட்டிப்போக மாட்டாள்.

ஒரு திருப்பத்தில் அவள் திரும்பிப் பார்த்தாள். என் கழுத்திலிருந்து இரத்தம் சட்டைக்கு இறங்கியிருந்தது.

"அட பாவி மகளே, வாயில என்னா வச்சிருக்க? சொல்லக் கூடாதா?"

கிளையைக் கீழே போட்டாள். விறகுக் கத்தியை உருவி, அந்த முனையைச் சாய்வாக, சுத்தமாகச் சீவி எறிந்தாள். அவளுக்குச் சட்டம் தெரியாமல் இல்லை. பிள்ளை கழுத்தில் இரத்தத்தைப் பார்த்ததும் சட்டம் மறந்துவிட்டது. சீவிய சிராய்களையும் வீணாக்காமல் மடியில் கட்டிக்கொண்டாள், அடுப்பு மூட்ட. அதற்குள் மழை இறங்கிவிட்டது. கிளையைப் பாதையோரம் ஒதுக்கிவிட்டு, காலில் ஏறிய அட்டைகளைப் பிடுங்கிப் போட்டபடி ஓடி வந்தோம். அன்றைக்குச் சோறு அந்தச் சிராயில்தான் வெந்தது.

மறுநாள் வேலை விட்டதும் அந்தக் கிளையைத் தூக்கி வந்தபோது கணக்கப்பிள்ளை மறித்தார். மலையில் எங்கள் வேலையை மேற்பார்க்கிறவர் அவர்தான். வீட்டில் அடுப்புக்குத் தோட்டமே விறகு வெட்டிக் கொடுக்கிற மனிதர்.

"என்னா புள்ள, முனையத் திருப்பு பாப்போம்."

அத்தை திருப்பினாள். திருப்பிய பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

"காத்து ஒடிச்சதுங்கய்யா. புள்ள கழுத்துல சிராய் குத்துச்சு. அதான் முனைய மட்டும் சீவுனேன். இந்தா பாருங்க, காயம்."

"காத்து எப்பலேருந்து இம்புட்டு நேரா சீவப் பழகுச்சு?" என்று சிரித்தார். கூட நின்றவர்களும் சிரித்தார்கள். என் கழுத்தை ஒருவரும் பார்க்கவில்லை.

அதற்கடுத்த நாள் ஆபீஸில் விசாரணை. கிளை வாசலில் கிடந்தது. தோட்டத்தை நடத்துகிற பெரிய துரை வெளியே வந்தார். வெள்ளைக்காரர் இல்லை, நம் நாட்டுக்காரர்தான், ஆனால் காலுறை மட்டும் முழங்கால் வரைக்கும் இருந்தது. கைப்பிரம்பால் முனையைத் தொட்டுப் பார்த்தார்.

"வின்ட்ஃபோல்?" என்று கணக்கப்பிள்ளையைக் கேட்டார்.

"நோ சேர். வெட்டினது சேர்."

அதுதான் நான் அந்தச் சொல்லைக் கேட்ட முதல் தடவை. அர்த்தம் தெரியாது. ஆனால் அந்தக் கேள்விக்கு ஆமாம் என்று பதில் வந்தால் அத்தை பிழைப்பாள் என்பது மட்டும் எனக்குப் புரிந்தது. களவு என்று முடிவானால் பேர் வெட்டிவிடுவார்கள். பேர் போனால் வேலை இல்லை. தோட்டமெல்லாம் திருட்டுப் பட்டம் வேறு.

"தொரை, மரத்துல போயிப் பாருங்க. பிஞ்ச மொட்டை அங்கனயே நிக்குது. மரம் பொய் சொல்லாது," என்றாள் அத்தை.

அப்போதுதான் அந்த வேடிக்கை வெளியில் வந்தது. காற்று முறித்த மரத்தை அப்படியே விட்டால் பிய்ந்த இடத்தில் தண்ணீர் இறங்கி மரம் உளுத்துப்போகும். அதனால் மொட்டையை வாளால் நேராக அறுத்துத் தார் பூசுவது தோட்டத்து வழக்கம். நாங்கள் கிளையைத் தூக்கி வந்த அந்தத் திங்கட்கிழமை பகலில் மேல்மலை மரங்களை எல்லாம் அறுத்துச் சுத்தம் பண்ணியாகிவிட்டது. அறுத்தவர் என் அப்பா. விஷயம் எதுவும் தெரியாமல், வழக்கம்போல ஒழுங்காக, மழமழவென்று அறுத்துத் தார் பூசிவிட்டு வந்திருக்கிறார். கிளையின் முனையைத் தங்கை சீவிவிட்டாள், மரத்தின் முனையை அண்ணன் அறுத்துவிட்டார். இரண்டு பேரும் கைவேலையில் சுத்தம் பார்த்ததில் சாட்சி போய்விட்டது.

துரை அப்பாவைக் கேட்டார். அப்பா தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "பிஞ்சுதாங்க இருந்துச்சு தொரை. நா கண்ணால பாத்தேன்," என்றார்.

"நீ அண்ணன். அண்ணன் அப்படித்தானே சொல்றது," என்றார் துரை. நாளைக் காலையில் முடிவு சொல்வதாக உள்ளே போய்விட்டார். மேல்மலைக்கு ஜீப் போகிற பாதை இருந்தது. போய் அடியில் குனிந்து பார்த்திருந்தால் போதும். அவருக்குத் தேநீர் நேரம்.

நாங்கள் பார்த்தோம். வேலை முடிந்ததும் அப்பாவும் நானும் அந்த மரத்தடிக்குப் போய், செடிக்குள் தவழ்ந்து தேடினோம். அப்பா அறுத்துத் தள்ளிய மொட்டைத் துண்டு கிடைத்தது. ஒரு பக்கம் வாள் அறுத்த வட்டம், தார் துளி பட்டிருந்தது. மறுபக்கம் காற்று பிய்த்த நார்கள், பல் பல்லாக. அதை என் கையில் தந்து தூக்கி வரச் சொன்னார். உலகத்தில் வேறு எதையும் நான் அவ்வளவு பத்திரமாகத் தூக்கியதில்லை. பிற்காலத்தில் என் பிள்ளைகளைக்கூட.

அத்தை அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கணக்கப்பிள்ளை மறித்த பிறகு அப்போதுதான் அவள் முகம் தெளிந்தது. "காலம்பர இத கொண்டு போயி தொரை மேசையில வைங்கண்ணே," என்றாள்.

அந்த நேரம் பார்த்துத்தான் தொழிற்சங்கத் தலைவர் வந்தார். எங்களுக்காக வழக்காட வேண்டியவர். நல்ல செய்தியோடு வருகிற ஆள் மாதிரி வாசலிலேயே சிரித்தார்.

"எல்லாம் பேசி முடிச்சிட்டேன். தங்கச்சி காலையில வந்து, வெட்டுனது தப்புத்தாங்க, மன்னிச்சுக்குங்கன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். பேர வெட்ட மாட்டாங்க. தொரை ஒத்துக்கிட்டாரு."

"வெட்டலையே," என்றாள் அத்தை.

"அது எனக்குத் தெரியாதா? ஒரு வார்த்தைதானம்மா."

மொட்டைத் துண்டை அப்பா காட்டினார். தலைவர் அதைத் தொடக்கூட இல்லை. "இத கொண்டு போயி வச்சா கணக்கப்புள்ளை பொய் சொன்னாருன்னு ஆகும். அதுக்கப்புறம் நீங்க ரெண்டு பேரும் அவருக்குக் கீழ மலையில நிக்க முடியுமா? யோசிச்சுக்குங்க," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அப்பா வெகுநேரம் யோசித்தார். பிறகு எழுந்து போய் அந்தத் துண்டை அடுப்பில் வைத்தார்.

பச்சை மரம் தோழியரே, அது உடனே பற்றவில்லை. இரண்டு முனையிலும் நுரை தள்ளிக்கொண்டு புகைந்தது. காம்பரா முழுக்கப் புகை. எங்கள் மூன்று பேருக்கும் கண்ணில் தண்ணீர் வழிந்தது, யாருக்குப் புகையால், யாருக்கு வேறு எதனால் என்று பிரிக்க முடியாது. அத்தை அடுப்புக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். கையை நீட்டி எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. நான் எழுந்தேன். அவள் என் கையைப் பிடித்து உட்கார வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் துரை காத்திருந்தார். தலைவர் கண்ணைக் காட்டினார். அப்பா கும்பிட்டபடி நின்றார். அத்தை புதுப் படங்கை அவிழ்த்து மடித்து வாசற்படியில் வைத்தாள்.

"நா வெட்டல," என்றாள். கும்பிடவில்லை. திரும்பி நடந்துவிட்டாள்.

பேர் வெட்டினார்கள். லயத்தில் எல்லோரும் அவளைத்தான் திட்டினார்கள். திமிர் பிடித்தவள், வந்த நல்லதை உதைத்துத் தள்ளியவள், அண்ணன் சோற்றில் மண் போட்டவள் என்றெல்லாம் பேசினார்கள். அப்பாவும் சாகும்வரை அப்படித்தான் நினைத்தார். தங்கையைக் காப்பாற்றத் தான் வழி செய்ததாகவும், அவள் கெடுத்துக்கொண்டதாகவும் எங்களிடம் சொல்வார். அவர் கெட்டவரில்லை. பயந்தவர். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இப்போது தெரியும். தெரிந்தாலும் அந்த அடுப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அவர்மேல் கோபம் வருகிறது. வரட்டும், மறைக்க மாட்டேன்.

அத்தை டவுனில் இருக்கிற மஹய்யாவவுக்குப் போனாள். தூரத்துச் சொந்தம் ஒன்று அங்கே நகரசபைக் குடியிருப்பில் இருந்தது. அலைந்து திரிந்து நகரசபையில் வீதி கூட்டுகிற வேலையைப் பிடித்தாள். ஆளுக்கு ஒரு துண்டு வீதி பிரித்துக் கொடுப்பார்கள். அவளுக்குக் கிடைத்தது நம் பள்ளிக்கூடத்து வாசல் வீதி. இரண்டு பக்கமும் பெரிய மரங்கள். காற்று விழுத்திய இலையையும் சுள்ளியையும் விடியக் காலையில் கூட்டி அள்ள வேண்டும். "பாத்தியா, இங்க காத்து விழுத்துனத அள்ளலைன்னாத்தான் ஏசுறாங்க," என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். அந்த வாசலில் துடைப்பத்தோடு நின்றுதான் நம் தலைமை ஆசிரியையிடம் எனக்கு இடம் கேட்டாள். ஒரு நாள் இல்லை. அந்த அம்மாளுக்கு எரிச்சல் வந்து சரி என்று சொல்லும்வரை, காலையில் கார் வரும் நேரமெல்லாம் கேட்டாள். பிறகு என்னைத் தோட்டத்திலிருந்து கூட்டிவந்து தன்னோடு வைத்துக்கொண்டாள்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் பிடிபட ஆரம்பித்ததும், நூலக அகராதியில் நான் தேடிய முதல் சொல் எது என்று சொல்லத் தேவையில்லை. காற்று விழுத்திய பழம், காற்று விழுத்திய மரம் என்றுதான் அதில் முதல் அர்த்தம் இருந்தது. எதிர்பாராமல் வருகிற செல்வம் என்பது அதற்குக் கீழேதான். பழத்தோட்டமும் காடும் வைத்திருந்த உழவர் நாட்டில் பிறந்த சொல். பிற்பாடு தேடித் தேடிப் படித்ததில், அந்த நாட்டிலும் பழைய நாட்களில் மரம் பிரபுவுக்குச் சொந்தமாக இருக்க, கோடரி வைக்க உரிமை இல்லாத ஏழைகள் காற்று முறித்ததை மட்டும் எடுத்துக்கொண்டதாகச் சொல்லியிருந்தது. எல்லா ஊரிலும் அப்படியா என்று எனக்குத் தெரியாது. ஆனால் படித்தபோது எனக்குத் தெரிந்தவள் ஒருத்தி அங்கே குனிந்து பொறுக்குவது போலிருந்தது. அப்படியானால் எங்கள் காத்து விறகுக்கு அவர்கள் மொழியிலேயே ஒரு சொல் இருந்திருக்கிறது. துரைக்கு அந்தச் சொல் தெரிந்திருந்தது. தெரிந்தும் எழுந்து போய் மரத்தைப் பார்க்கவில்லை.

பிறகு அந்தச் சொல் எப்படிச் சோம்பேறிகளின் சொல்லாயிற்று என்றுதான் எனக்கு ஆத்திரம். உட்கார்ந்த இடத்தில் மடியில் வந்து விழுவதற்கெல்லாம் இப்போது அதுதான் பெயர். பொறுக்கப் போகாதவர்கள் கையில் சொல் மாட்டினால் இப்படித்தான் ஆகும். காற்று கிளையை முறிக்கும், அவ்வளவுதான். மலை ஏறுவதும் அட்டைக்கு இரத்தம் கொடுப்பதும் சுமப்பதும் யார்? எந்தக் காற்றும் விறகை அடுப்படிக்குக் கொண்டுவந்து வைத்ததில்லை.

அத்தையிடம் ஒரு தடவை கேட்டேன். நான் ஆசிரியையாகி முதல் சம்பளம் வாங்கிய நேரம் அது. "அன்னைக்கு அடுப்புலேருந்து ஏன் அத்தை எடுக்கல? அத காட்டியிருந்தா பேர் போயிருக்காதே?"

அவள் துடைப்பக் கட்டைத் தரையில் தட்டிச் சரிசெய்துகொண்டே சொன்னாள்: "என்னய நம்பாம போட்டிருந்தா எடுத்துக் காட்டியிருப்பேன்டி. உங்கப்பன் தெரிஞ்சே போட்டாரு. அப்புறம் யாருக்குக் காட்ட?"

அவள் போய்ப் பல வருஷமாகிறது. நீங்கள் எல்லோரும் அவளைப் பார்த்திருக்கிறீர்கள். காலையில் நீங்கள் வெள்ளைச் சப்பாத்தோடு வரும்போது, தூசி படக்கூடாதென்று துடைப்பத்தை நிறுத்திவிட்டு ஓரமாக ஒதுங்கி நிற்பாளே, ஒல்லியாக ஒருத்தி, அவள்தான். செயலாளரும் பார்த்திருக்கிறார். என் அத்தை என்று அப்போதே உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன், நீங்கள் சரி என்றுவிட்டு வகுப்புக்குப் போய்விட்டீர்கள்.

ஆகவே செயலாளரே, அடுத்த ஒன்றுகூடலில் என்னை எழுப்பி நிறுத்தினால் தோட்டத்துப் பிள்ளை என்று தாராளமாகச் சொல்லுங்கள். வீதி கூட்டியவள் வளர்த்த பிள்ளை என்றும் சொல்லுங்கள். அந்த ஒரு சொல்லை மட்டும் சொல்லாதீர்கள். எங்கள் தோட்டத்தில் காற்று விழுத்தியதா, கத்தி விழுத்தியதா என்று முனையைத் திருப்பிப் பார்த்துத்தான் சொல்வார்கள். நீங்களும் திருப்பிப் பாருங்கள். என் அத்தையை மரத்திலிருந்து காற்று விழுத்தவில்லை. வெட்டினார்கள்.